இறக்கையில் ஒரு விலாசம்

1975-ம் வருடம், ஆகஸ்ட் மாதம். அமெரிக்காவின் வடகோடியில் இருக்கும் மின்னசோட்டா மாநிலத்தில், சாஸ்கா என்று ஒரு சின்ன ஊர். அங்கே ஓர் ஆசிரியரும் இரண்டு பள்ளி மாணவர்களும் வண்ணத்துப்பூச்சிகளைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

குண்டூசி குத்தி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து அழகு பார்ப்பதற்காக அல்ல! ஒவ்வொரு பூச்சியையும் பதமாகப் பிடித்து, முன் இறக்கையின் விளிம்பில் ஒரு குட்டிக் காகிதத்தை ஒட்டி, மறுபடி பறக்கவிட்டார்கள். காகிதத்தில் ஓர் எண். கூடவே விலாசம். இதைக் கண்டெடுப்பவர்கள் கனடாவில் உள்ள டொரன்டோ பல்கலைக்கழகத்தின் விலங்கியல் துறைக்கு அனுப்ப வேண்டும் என்று பொடி எழுத்தில் அச்சடித்திருந்தது. கிட்டத்தட்ட தபால் சேவைதான். என்ன, தபால்காரரின் எடை வெறும் அரை கிராம்!

அன்று ஒட்டியதில் ஒன்றின் எண் பி.எஸ்.397. ஒட்டிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அந்தத் துண்டுக் காகிதம் அடுத்த ஐந்து மாதங்களில் விஞ்ஞான உலகத்தின் மிகப் பழைய புதிர் ஒன்றுக்கு விடை சொல்லப்போகிறது என்று அந்தப் பையன்களுக்கு எப்படித் தெரியும்?

இந்தக் கதையைச் சொல்ல, நாம் கொஞ்சம் பின்னால் போயாக வேண்டும். சாஸ்காவிலிருந்து கனடாவுக்கு... இன்னொரு சிறுவனிடம்.

* * *

ஃப்ரெட் அர்க்கஹார்ட் 1911-ல் டொரன்டோவில் பிறந்தவர். மற்ற பையன்கள் பந்து விளையாடும் வயதில் இவர் ரயில் பாதை ஓரத்துப் புதர்களில் பூச்சி தேடிக்கொண்டு திரிந்தார். கோடை வந்தால் அந்தப் பக்கமெல்லாம் மொனார்க் என்கிற வண்ணத்துப்பூச்சி. ஆரஞ்சு நிறம், கறுப்புக் கோடுகள், விளிம்பில் வெள்ளைப் பொட்டுகள். பெயருக்கேற்ற ராஜ களை! ஆனால், இலையுதிர் காலம் பிறந்ததும் ஒன்றைக்கூடக் காணோம். மறு வருடம் கோடையில் திரும்ப ஆஜர்.

நடுவில் எங்கே போகின்றன?

கனடாவின் குளிர் உங்களுக்குத் தெரியும். வெளியே வைத்த தண்ணீர் பாறையாகிவிடும். ஒரு பூச்சி தாங்குமா? கூட்டுப்புழுவாகப் பதுங்கிக் கிடக்கிறதா, செத்துப்போகிறதா, இல்லை பறவைகள் மாதிரி தெற்கே பறந்துவிடுகிறதா? கலிஃபோர்னியாவின் கடலோர மரங்களில் மொனார்க்குகள் கொத்துக்கொத்தாகக் குளிர்காலத்தைக் கழிப்பது ஊரறிந்த விஷயம். ஆனால், அவை ராக்கி மலைத்தொடருக்கு மேற்கே வாழ்பவை. மலைக்குக் கிழக்கே கனடாவிலும் அமெரிக்காவிலும் இருந்த கோடிக்கணக்கானவை? ஒருவருக்கும் தெரியாது!

சின்ன வயதில் இப்படிக் கேள்விகள் எல்லோருக்கும் வரும். 'போய்ப் படிக்கிற வழியைப் பாரு' என்று யாராவது அதட்டியதும் காணாமல் போய்விடும். ஃப்ரெட் அதே கேள்வியைப் பிடித்துக்கொண்டு படித்தார், விலங்கியல் பேராசிரியரும் ஆனார். 1937-ல் மொனார்க்குகளுக்கு அடையாளம் இடுவதில் இறங்கினார். 1945-ல் நோராவைக் கல்யாணம் செய்துகொண்டார். வீட்டுக்கு வந்த நோரா, அந்தப் பூச்சிப் பைத்தியத்தில் சரிபாதியைத் தானும் வாங்கிக்கொண்டார்!

அடையாளம் இடுவது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். செய்து பாருங்கள்! முதலில் தபால் தலை போல, பின்புறம் பசை தடவிய காகிதத்தை ஈரப்படுத்தி ஒட்டிப் பார்த்தார்கள். ஒரு மழை... ஒட்டியதெல்லாம் உதிர்ந்து தரையில் கிடந்தது. கடைசியில் கைகொடுத்தது என்ன தெரியுமா? கடைகளில் பொருள்கள் மேல் விலை எழுதி ஒட்டுவார்களே, அந்த மாதிரி அழுத்தினாலே ஒட்டிக்கொள்ளும் சீட்டு. இறக்கையின் விளிம்பில் ஒரு சிறு இடத்தில் மட்டும் மாவு போன்ற செதில்களை நீக்கிவிட்டு, சீட்டை மடித்து இரண்டு பக்கமும் படும்படி அழுத்தினால் போதும். பூச்சி ஜம்மென்று பறந்தது.

சரி, ஒட்டியாகிவிட்டது. அடுத்த சிக்கல், கணக்கு. ஒரு கண்டம் முழுக்கப் பரவி வாழும் பூச்சி அது. புருஷனும் பெண்டாட்டியுமாக எத்தனைக்குத்தான் ஒட்ட முடியும்? ஆயிரம் பூச்சிக்கு ஒட்டினாலும், அதில் ஒன்றாவது யார் கண்ணிலாவது பட்டு, அவர் அதை எடுத்துப் படித்து, பொறுப்பாகத் தபாலில் போட வேண்டுமே! கடலில் சீட்டுப் போட்ட பாட்டிலை வீசுகிற மாதிரிதான். பத்து பாட்டில் போதாது. லட்சம் பாட்டில் வேண்டும். அதற்கு ஆயிரம் கைகள் வேண்டும்.

1952-ல் நோரா ஓர் இயற்கைப் பத்திரிகையில் கட்டுரை எழுதி, உதவிக்கு ஆள் தேவை என்று கேட்டார். சம்பளம் கிடையாது.

எத்தனை பேர் வந்தார்கள்? பன்னிரண்டு!

* * *

பன்னிரண்டு என்றதும் சிரிக்காதீர்கள். இதற்கு ஒரு முன்கதை இருக்கிறது.

அமெரிக்காவில் ஒரு காலத்தில் கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆண்கள் இரண்டு கோஷ்டியாகப் பிரிந்து, துப்பாக்கியோடு கிளம்புவார்கள். கண்ணில் படுகிற பறவை, பிராணி எல்லாவற்றையும் சுட வேண்டியது. எந்தக் கோஷ்டி அதிகம் குவிக்கிறதோ, அதற்குத்தான் வெற்றி. அதற்குப் பேர் விளையாட்டு! ஃப்ராங்க் சாப்மன் என்கிற பறவையியலாளர் 1900-ல் ஒரு யோசனை சொன்னார். அதே போட்டி, அதே பண்டிகை நாள். ஆனால் சுட வேண்டாம், எண்ணுங்கள்! அந்த முதல் கிறிஸ்துமஸில் எண்ணக் கிளம்பியவர்கள் 27 பேர்தான். இன்று அந்தக் கணக்கெடுப்பில் பல்லாயிரக்கணக்கானோர் கலந்துகொள்கிறார்கள். நூற்றாண்டைத் தாண்டியும் நிற்காமல் நடக்கிறது. எந்தப் பறவை பெருகுகிறது, எது குறைகிறது என்று விஞ்ஞானிகள் இன்றைக்கும் அந்த நோட்டுப் புத்தகங்களைத்தான் புரட்டுகிறார்கள்.

இப்போது இதற்கு 'மக்கள் அறிவியல்' என்று பெயரெல்லாம் வந்துவிட்டது. சாப்மன் காலத்திலோ நோரா காலத்திலோ அப்படியொரு பெயர் புழக்கத்திலேயே இல்லை. பெயர் வருவதற்கு முன்பே வேலை நடந்துகொண்டிருந்தது!

நோராவின் பன்னிரண்டும் பெருகியது. 1971-ல் அறுநூறு பேர். ஆசிரியர்கள், இல்லத்தரசிகள், ஓய்வுபெற்றவர்கள், பள்ளிப் பிள்ளைகள்... லட்சக்கணக்கான வண்ணத்துப்பூச்சிகள் முதுகில் விலாசத்தோடு பறந்தன. திரும்பி வந்த ஒவ்வொரு சீட்டுக்கும் வரைபடத்தில் ஒரு கோடு. ஒட்டிய ஊரிலிருந்து, கிடைத்த ஊருக்கு. ஒரு கோட்டைப் பார்த்தால் ஒன்றும் புரியாது. கோடுகள் சேரச் சேர, ஒரு சாய்வு தெரிந்தது. எல்லாமே வடகிழக்கிலிருந்து தென்மேற்காக, டெக்ஸஸ் பக்கம் இறங்கின. அதற்கும் கீழே?

மெக்ஸிகோ!

* * *

மெக்ஸிகோ என்றால் நம் தமிழ்நாட்டைப்போல் பதினைந்து மடங்கு. அதில் எந்த மூலை? 1972-ல் நோரா மறுபடி பேனாவை எடுத்தார். மெக்ஸிகோ பத்திரிகைகளுக்கு எழுதி, தகவல் தெரிந்தவர்கள் உதவுங்கள் என்று கேட்டார். 1973 பிப்ரவரியில் ஒரு பதில் வந்தது. எழுதியவர் கென் ப்ரக்கர், மெக்ஸிகோ சிட்டியில் வசித்த அமெரிக்கர். தன்னிடம் ஒரு வண்டியும் ஒரு நாயும் இருப்பதாகவும், ஊர் சுற்றித் தேடத் தயார் என்றும் எழுதியிருந்தார்.

கூடவே சேர்ந்துகொண்டவர் கேதலினா அகுவாடோ. மிச்சோகான் மாநிலத்தில் பிறந்த மெக்ஸிகோ பெண். 1974-ல் இருவரும் கல்யாணம் செய்துகொண்டார்கள். மலைப்பாதைகளில் அலைந்தார்கள், விறகு வெட்டுகிறவர்களிடமும் குடியானவர்களிடமும் விசாரித்தார்கள். இதில் ஒரு வேடிக்கை... ப்ரக்கருக்கு நிறக் குருடு. ஆரஞ்சு வண்ணப் பூச்சியைத் தேடி அலைந்த மனிதருக்கு அந்த ஆரஞ்சே சரியாகத் தெரியாது!

1975 ஜனவரி 9-ம் தேதி மாலை, டொரன்டோவில் டெலிபோன் ஒலித்தது. எதிர்முனையில் ப்ரக்கர். கிடைத்துவிட்டது! கடல்மட்டத்திலிருந்து சுமார் 3,000 மீட்டர் உயரத்தில், செர்ரோ பெலோன் என்கிற மலையில், ஊசியிலை மரங்களின் அடிமுதல் நுனிவரை மொனார்க்குகள். இலை தெரியவில்லை, பட்டை தெரியவில்லை. கோடிக்கணக்கில் அப்பிக்கொண்டிருந்தன.

இங்கே ஒரு நிமிடம் நில்லுங்கள். பாடப்புத்தகங்களும் படங்களும் இதை 'கண்டுபிடிப்பு' என்கின்றன. யார் கண்டுபிடித்தது? அந்த மலையடிவார மக்களுக்கு இந்தப் பூச்சிகள் என்றைக்கோ பழக்கம். நவம்பர் முதல் வாரம் அங்கே இறந்தவர்களை வழிபடும் நாள். நம் மகாளய அமாவாசை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். மிகச்சரியாக அந்தச் சமயத்தில்தான் வானம் ஆரஞ்சாகும். இறந்துபோன முன்னோர்களின் ஆத்மாக்களே வண்ணத்துப்பூச்சிகளாக வீடு திரும்புகின்றன என்பது அவர்கள் நம்பிக்கை.

ஆக, மலையில் இருந்தவர்களுக்குப் பூச்சிகள் வருவது தெரியும், எங்கிருந்து என்பது தெரியாது. டொரன்டோவில் இருந்தவர்களுக்குக் கிளம்புவது தெரியும், எங்கே என்பது தெரியாது. ஒரே கயிற்றின் இரண்டு முனைகளையும் இரண்டு பேர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். இடையில் முடிச்சுப் போட ஆள் தேவைப்பட்டது!

அந்த முடிச்சு இன்னும் விழவில்லை என்பதுதான் விஷயம். மரங்களில் மொனார்க் இருக்கிறது, சரி. அது கனடாவிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும்தான் வந்தது என்பதற்கு என்ன சாட்சி? மெக்ஸிகோவிலேயே பிறந்து வளர்ந்தது என்று யாராவது வாதாடினால்?

1976 ஜனவரியில் ஃப்ரெட்டும் நோராவும் நேரிலேயே போனார்கள். ஃப்ரெட்டுக்கு வயது 64. அந்த உயரத்தில் காற்று லேசு. நாலடி வைத்தால் மூச்சு வாங்கும், இதயம் தடதடக்கும். எப்படியோ ஏறிவிட்டார். சிறு வயதில் ரயில் பாதை ஓரம் எழுந்த கேள்விக்கான விடை எதிரே மரம் மரமாக நின்றது. களைத்துப்போய் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, கை பருமன் இருந்த ஒரு கிளை பூச்சிகளின் பாரம் தாங்காமல் முறிந்து விழுந்தது. ஒன்று அரை கிராம்தான். கிளையையே முறிக்க எத்தனை உட்கார்ந்திருக்க வேண்டும், யோசித்துப் பாருங்கள்!

சிதறிக் கிடந்தவற்றை அவர் குனிந்து பார்த்தார். ஒன்றின் இறக்கையில்... வெள்ளையாக ஒரு சீட்டு.

பி.எஸ்.397.

அந்த எண் சாஸ்காவுக்கு உரியது. அந்த ஆசிரியரும் இரண்டு மாணவர்களும் ஒட்டியது. மின்னசோட்டாவுக்கும் மிச்சோகானுக்கும் நேர்க்கோட்டில் அளந்தாலே சுமார் 2,800 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர்வரை போகிற தூரம்! முடிச்சு விழுந்துவிட்டது.

* * *

இதைவிட ஆச்சரியம் ஒன்று இருக்கிறது. கோடையில் பிறக்கும் மொனார்க் இரண்டு முதல் ஆறு வாரம்தான் வாழும். ஆனால், கோடையின் கடைசியில் பிறக்கும் தலைமுறை மட்டும் எட்டு மாதம்வரை தாக்குப்பிடிக்கும். அதுதான் மெக்ஸிகோ பயணம் போகிற தலைமுறை. மார்ச்சில் வடக்கே கிளம்பி, அமெரிக்காவின் தென்பகுதியில் முட்டையிட்டுவிட்டுச் செத்துப்போகும். அதன் பிள்ளையும் பேரனும் கொஞ்சம் கொஞ்சமாக வடக்கே ஏறும். அடுத்த வருடம் தெற்கே புறப்படுவது அதன் கொள்ளுப்பேரன், எள்ளுப்பேரன் வரிசை! வழி சொல்லித்தர அப்பனும் இல்லை, பாட்டனும் இல்லை. போன அனுபவமும் இல்லை. சூரியனைத் திசைகாட்டியாக வைத்துக்கொள்கின்றன. சூரியன் நகர நகரக் கணக்கைத் திருத்திக்கொள்ள, தலையிலிருக்கும் உணர்கொம்புகளில் ஒரு கடிகாரம் வேறு இருக்கிறது. இவ்வளவும் குண்டூசித் தலையளவு மூளையை வைத்துக்கொண்டு!

1976 ஆகஸ்டில் ஒரு பிரபல அமெரிக்க மாத இதழில் ஃப்ரெட்டின் கட்டுரை வெளியானது. அட்டையில் மொனார்க்குகள் சூழ கேதலினா. உலகமே வாயைப் பிளந்தது. ஆனால், இடம் எதுவென்று ஃப்ரெட் துல்லியமாகச் சொல்லவில்லை. கூட்டம் கூடினால் பூச்சிக்கு ஆபத்து என்று அஞ்சினார். லிங்கன் ப்ரோவர் என்கிற இன்னொரு விஞ்ஞானி கேட்டபோதும் வாயைத் திறக்கவில்லை. ப்ரோவர் தரப்போ, இடம் தெரிந்தால்தானே காப்பாற்ற முடியும் என்றது. கட்டுரையில் இருந்த துப்புகளை வைத்து, அடுத்த குளிர்காலத்துக்குள் அவர்களும் மலையைக் கண்டுபிடித்துவிட்டார்கள். இரண்டு பக்கமும் மனஸ்தாபம் நெடுநாள் நீடித்தது. விஞ்ஞானிகளும் மனிதர்கள்தானே!

உண்மையான ஆபத்து வேடிக்கை பார்ப்பவர்களால் வரவில்லை. கோடரியால் வந்தது. அந்த ஊசியிலைக் காடுதான் பூச்சிகளுக்குப் போர்வை, குடை எல்லாம். மரம் குறைந்தால் குளிரும் ஈரமும் ஒரே இரவில் லட்சக்கணக்கில் கொன்றுவிடும். 1986-ல் மெக்ஸிகோ அரசு காப்பகம் அறிவித்து, மரம் வெட்டத் தடை போட்டது. நல்ல காரியம்தான். ஆனால், அந்தக் காடு கிராமச் சமூகங்களுக்குச் சொந்தமான பூமி. அவர்கள் அடுப்பு எரிய என்ன வழி என்று யாரும் முறையாக யோசிக்கவில்லை. மனக்கசப்பு வளர்ந்தது, திருட்டு வெட்டும் நடந்தது. 2000-ல்தான் காப்பகத்தைப் பெரிதாக்கி, வெட்டாமல் காப்பவர்களுக்குப் பணம் தர ஒரு நிதியும் ஏற்படுத்தினார்கள். 2008-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அப்புறமும் நிம்மதி இல்லை. ஒரு காலத்தில் தானே மரம் வெட்டி, பிறகு மனம் மாறி எல் ரொசாரியோ சரணாலயத்தின் காவலராக நின்ற ஓமெரோ கோமெஸ் கொன்ஸாலெஸ், 2020 ஜனவரியில் காணாமல் போனார். இரண்டு வாரம் கழித்து ஒரு கிணற்றில் சடலமாகக் கிடைத்தார். வண்ணத்துப்பூச்சி சமாசாரம்தானே என்று நினைக்கிறவர்கள் இந்த ஒரு பெயரை நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

வடக்கே வேறு கோடரி. களைக்கொல்லி! மொனார்க் புழு தின்பது ஒரு வகைப் பால்செடியை மட்டுமே. களைக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்றப் பயிர்கள் வந்தபின், வயலில் மருந்து தெளித்தால் பயிர் பிழைக்கும், பால்செடி சாகும். விளைவு? மெக்ஸிகோவில் பூச்சிகளை ஒவ்வொன்றாக எண்ண முடியாது என்பதால், அவை அடையும் காட்டின் பரப்பை அளப்பார்கள். 1996-97 குளிர்காலத்தில் 18.19 ஹெக்டேர். கிட்டத்தட்ட 45 ஏக்கர். 2013-14-ல் 0.67 ஹெக்டேர். இரண்டு ஏக்கர்கூட இல்லை! 2024-25-ல் கொஞ்சம் தேறி 1.79.

இந்தச் சரிவின் பாதையைத் தொடர்ந்து காட்டிக்கொண்டிருப்பவர்களில் பெரும்பங்கு யார்? அதே சாதாரண ஜனங்கள். 1992-ல் கேன்ஸஸ் பல்கலைக்கழகத்தின் சிப் டெய்லர் 'மொனார்க் வாட்ச்' என்ற திட்டத்தைத் தொடங்கினார். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் பிள்ளைகள் இன்றும் சீட்டு ஒட்டுகிறார்கள். இதுவரை ஒட்டியது இருபது லட்சத்துக்கும் மேல். மெக்ஸிகோவில் சீட்டைக் கண்டெடுத்துக் கொடுக்கும் கிராமத்தாருக்குக் காசும் தருகிறார்கள்.

* * *

'இதெல்லாம் வெள்ளைக்காரன் ஊர்க் கதை, நமக்கென்ன?' என்கிறீர்களா?

பிள்ளையார் சதுர்த்திக்கு எருக்கம்பூ மாலை வாங்குகிறீர்களே, அந்த எருக்கு அமெரிக்கப் பால்செடியின் சொந்தக்காரச் செடி. இரண்டும் ஒரே குடும்பம். இரண்டிலும் விஷப் பால். நம் ஊர் எருக்கஞ்செடியில் இலை தின்னும் வெந்தய வரியன் வண்ணத்துப்பூச்சியோ மொனார்க்குக்குப் பங்காளி, ஒரே பேரினம். இதே வகையைச் சேர்ந்த 'ப்ளூ டைகர்' போன்ற பூச்சிகள் பருவமழையை ஒட்டி மேற்குத்தொடர்ச்சி மலைக்கும் அதன் கிழக்கே உள்ள குன்றுகளுக்கும் இடையே கூட்டம் கூட்டமாக வலசை போகின்றன. நம் ஆர்வலர்கள் அதைக் குறித்துவைத்து வருகிறார்கள். 2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. யாரும் சேரலாம்.

வீட்டில் பத்து வயதுப் பிள்ளை இருந்தால், தெருவில் நாலு பேரைச் சேர்த்து ஒரு சங்கம் ஆரம்பித்துக் கொடுங்கள். சீட்டு ஒட்டும் வேலை அனுமதியும் பயிற்சியும் உள்ளவர்களுக்கு. அதை விட்டுவிடுங்கள். பார்ப்பதற்கும் எண்ணுவதற்கும் எவர் அனுமதியும் வேண்டாம். பக்கத்து மனையில் இருக்கிற எருக்கஞ்செடி ஒன்று, நாற்பது பக்க நோட்டு ஒன்று. வாரம் ஒருமுறை, ஒரே கிழமை, ஒரே நேரம். தேதி, மழையா வெயிலா, எத்தனை முட்டை, எத்தனை புழு, எத்தனை பூச்சி. செடியின் பாலைத் தொட்ட கையைக் கண்ணில் வைக்கக் கூடாது என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்.

ஒன்றுமே தென்படாத வாரமும் வரும். பிள்ளை முகம் வாடி, 'இன்னிக்கு எழுத ஒண்ணுமில்லப்பா' என்று வரும். அன்றைக்குத்தான் நீங்கள் பக்கத்தில் உட்கார வேண்டும். 'பூஜ்யம்னு எழுது. அதுவும் கணக்குதான்' என்று சொல்ல வேண்டும். ஏனென்றால், ஒரு பூச்சி குறைந்துகொண்டு வருகிறது என்பதை உலகத்துக்குச் சொல்வது அந்தப் பூஜ்யங்கள்தான்.

சாஸ்கா பையன்கள் ஒட்டிய சீட்டுகளில் பெரும்பாலானவை திரும்பவே இல்லை. எது திரும்பும் என்று ஒட்டும்போது அவர்களுக்குத் தெரியாது. தெரிந்தா ஒட்டினார்கள்?